சீரகம் எது, சோம்பு எது?

அது ஒரு கார்த்திகை மாதம். அடைமழை. கொல்லைப் படிக்கட்டில் பாசி வழுக்கி அம்மா விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், "ரசம் சாதம் குழைவாகக் கொடுக்கலாம்" என்றார் மருத்துவர். நான் வார்டில் இருந்தேன், அப்பா வீட்டில். காலை ஆறரை மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, ரெண்டு டப்பாலயும் ஒரே மாதிரி இருக்கு. இதுல சீரகம் எது, சோம்பு எது?"

அப்பா அரசுப் பேருந்துப் பணிமனையில் 34 வருடம் மெக்கானிக்காக இருந்தவர். தெருமுனையில் ஒரு பஸ் திரும்பும் சத்தத்தைக் கேட்டே "நாசில் அடைச்சிருக்கு" என்று சொல்லிவிடுவார். டீசல் எஞ்சினை முழுக்கப் பிரித்துப் போட்டு, ஒரு வாஷர் மிஞ்சாமல் திரும்பப் பூட்டத் தெரிந்தவர். அவருக்கு அன்று 66 வயது. அந்த வீட்டில் அவர் 40 ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்த ரசத்தில் என்ன போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"மெலிசா, பழுப்பா இருந்தா சீரகம். கொஞ்சம் பருமனா, பச்சை கலந்து இருந்தா சோம்பு. ஒண்ணைக் கடிச்சுப் பாருங்கப்பா, இனிச்சா சோம்பு" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஆங், இனிக்குது" என்றார். அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அவர் பயந்தது சோம்பைப் பார்த்தல்ல. அம்மா இல்லாத வீட்டில் தன்னால் ஒரு வேளை சோறு ஆக்க முடியாது என்பதை அந்த வயதில், அந்தக் காலையில்தான் முதன்முறையாகப் பார்த்திருக்கிறார்.

ஒவ்வொரு ஆணுக்கும் தெரிந்திருக்க வேண்டிய கைவேலைகள் எவை என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த போன்தான் நினைவுக்கு வருகிறது. டயர் மாற்றுவது, துளை போடுவது என்று ஒரு பட்டியலை யாரும் போட்டுவிடலாம். என் கேள்வி வேறு. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், அல்லது தெருவில் ஒருவர் விழுந்துவிட்டால், அந்த நேரத்துக்கு நம் கைக்கு என்ன தெரியும்?

நெல்லிக்காய் அளவு

அம்மா வீடு திரும்பிய பிறகு மூன்று மாதம் படுக்கை. நான் விடுப்பு எடுத்து வந்து அப்பாவுக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தேன். எனக்கே சென்னையில் நண்பர்களோடு அறையெடுத்துத் தங்கிய நாட்களில் பசி சொல்லிக் கொடுத்த சமையல்தான்.

முதல் சிக்கல் அளவில் வந்தது. "புளி எவ்வளவு?" என்று கேட்டார். "நெல்லிக்காய் அளவு" என்றேன். "எந்த நெல்லிக்காய்? சின்னதா, பெருசா?" என்றார். நியாயமான கேள்வி. ஸ்பேனரில் 13 என்றால் 13-தான், 14 சேராது. சமையல்கட்டில் எல்லாமே நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு, ஒரு சிட்டிகை, ஒரு கைப்பிடி, விரல்கணு அளவுத் தண்ணீர். பணிமனையில் பயன்படுத்திய பழைய பாக்கெட் நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். அதில் ஒரு பக்கத்தில் ஏதோ வண்டியின் கிளட்ச் விவரம், எதிர்ப்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவில் எழுதினார்: 'புளி - பெரிய நெல்லி. தக்காளி 2. நுரை கட்டினால் இறக்கு. கொதிக்க விடாதே.'

அந்தக் கடைசி வரிதான் ரசத்தின் உயிர். குழம்பு கொதித்துச் சுண்ட வேண்டும். ரசம் ஓரத்தில் நுரை கட்டி மேலே எழும்பும்போதே இறங்கிவிட வேண்டும், கொதித்தால் வாசனை போய்விடும். அப்பா அடுப்படியில் நின்று, எஞ்சின் முன்னால் நிற்பதுபோலவே தலையைச் சாய்த்துப் பாத்திரத்தைக் கேட்டார். நான்காம் நாளே, நுரை எழும் முன் வரும் மெல்லிய உர்ர் சத்தத்தைப் பிடித்துவிட்டார். எனக்கு அது இன்றுவரை கேட்பதில்லை.

சோறு வடிப்பதுதான் கடினமாக இருந்தது. குக்கரில் புழுங்கலரிசிக்கு ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்துவிடலாம். அம்மாவுக்கு வடித்த சோறுதான் பிடிக்கும். ஒரு பருக்கையை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினால், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாமல் மசிய வேண்டும். அந்தப் பதத்தில் கஞ்சியை வடிக்க வேண்டும், முந்தினால் அரிசி, பிந்தினால் களி. முதல் இரண்டு முறை கையில் கஞ்சி கொட்டிச் சுட்டுக்கொண்டார். குழாயடியில் 20 நிமிடம் கையைப் பிடிக்க வைத்தேன். பற்பசை தடவப் போனார், தடுத்தேன். தீக்காயத்துக்கு முதல் மருந்து ஓடும் தண்ணீர். பற்பசை, மாவு, இங்க் எதுவும் கூடாது.

சோறு வடித்து, ஒரு ரசம், ஒரு பருப்பு, ஒரு பொரியல், இட்லி மாவு புளிக்கும் பதம் - இவ்வளவு தெரிந்த ஆண் யாரையும் நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. இதை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சமையல், சுத்தம் போன்ற சம்பளமில்லா வீட்டுவேலையில் ஒரு நாளில் கை வைத்த ஆண்கள் 100-க்கு 26 பேர், பெண்கள் 81 பேர். செய்தவர்களிலும் பெண்கள் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 ஆகக் குறைந்திருக்கிறது. ஆண்களின் நேரம் கூடியிருக்க வேண்டாமா? அதுவும் 88 ஆகக் குறைந்துவிட்டது.

சமையல் ஆணுக்கு வராது என்பது வெறும் பேச்சு. நல்ல சமையலுக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயரே நளபாகம், பீமபாகம். இருவரும் அரசர் வீட்டு ஆண்கள். உருவம் மாறி ஒளிந்திருந்த நளனைத் தமயந்தி அடையாளம் கண்டதற்கு ஒரு காரணம் அவன் சமைத்த உணவின் ருசி. கல்யாணப் பந்தியில் ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர் ஆண்கள். கூலிக்கு வரும் கைத்திறமை வீட்டுக்கு வராமல் போவதற்குக் காரணம் திறமையில் இல்லை. கேட்டால் தட்டில் வந்துவிடும் என்ற பழக்கத்தில் இருக்கிறது. "எனக்கு வென்னீர் போடக்கூடத் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் ஆண், தன் பாரத்தை வேறொருவர் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

சிக்கை நுனியிலிருந்து எடுக்க வேண்டும்

அந்த மூன்று மாதத்தில் அப்பா கற்றுக்கொண்டதில் பெரியது சமையல் அல்ல. நோயாளியைப் பார்த்துக்கொள்வது.

அசையாமல் படுத்திருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். வால் எலும்பு, குதிகால், தோள்பட்டை இந்த மூன்று இடங்களையும் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், சிவந்திருந்தால் அதுதான் தொடக்கம். செவிலியர் ஒருவர் செய்து காட்டினார்: நோயாளியின் கையைப் பிடித்து இழுக்காமல், அடியில் மடித்துப் போட்ட விரிப்பைப் பிடித்து, முழங்காலை மடக்கி, நம் இடுப்பை வளைக்காமல் புரட்டுவது. அப்பா உடனே புரிந்துகொண்டார். "கியர்பாக்ஸ் இறக்குற மாதிரிதான், இழுக்கக் கூடாது, தாங்கணும்" என்றார்.

அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே வரும் முடி. படுத்தே இருந்ததில் சடை பிடித்துப்போனது. "வெட்டிடலாங்க" என்று அம்மா சொன்னார். அப்பா பதில் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெயும் அகலப்பல் சீப்பும் எடுத்துக்கொண்டு கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்தார். முதலில் வேரிலிருந்து இழுத்தார், அம்மா முகம் சுளித்தார். "நுனியிலேருந்து எடுங்க. கொஞ்சம் கொஞ்சமா மேல வாங்க." ஒரு கையால் முடியின் நடுவைப் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது. ஒன்றரை மணி நேரம் ஆனது. கிரீஸ் ஏறி நகக்கண் கறுத்த அந்த விரல்கள் மூன்று கால் பிரித்துப் பின்னியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். பின்னல் கோணலாக இருந்தது. அம்மா அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இதில் ஆண்மைக்குக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1900-ஆம் ஆண்டு டர்பனில் காந்திக்குக் கடைசிப் பிள்ளை தேவதாஸ் பிறந்தபோது, வலி திடீரென வந்துவிட்டது. மருத்துவர் உடனே கிடைக்கவில்லை. பிரசவம் பார்த்தவர் காந்தியேதான். முன்கூட்டியே தாய்மார்களுக்கான ஒரு குஜராத்தி மருத்துவக் கையேட்டை வாங்கிப் படித்து வைத்திருந்ததால் பதறாமல் செய்ய முடிந்தது என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்போது அவர் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த வக்கீல். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ராஜாஜியின் மகளை மணந்தார்.

நெஞ்சில் கை வைக்க

ஒருநாள் அதிகாலை நடைப்பயிற்சி மைதானத்தில் பெரியவர் ஒருவர் சரிந்து விழுந்தார். சுற்றி 20 பேர் கூடினோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், ஒருவர் சோடா வாங்க ஓடினார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த நிமிடங்களில் என்ன செய்திருக்க வேண்டும் என்று அதன்பிறகுதான் ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டேன். அந்தப் பெரியவரின் முகம் இன்னும் என்னை விடவில்லை.

தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது விக்கி விக்கி இழுக்கிறது என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் 108-ஐ அழைக்க, ஒருவர் உடனே கீழே மண்டியிட வேண்டும். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் 5 சென்டிமீட்டராவது அமுங்கும்படி அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100-லிருந்து 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே எழ விட வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதப் பயிற்சி இல்லையென்றால் விட்டுவிடலாம், அழுத்துவதை மட்டும் நிறுத்தக் கூடாது. இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும், ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. முறிந்த எலும்பு கூடிவிடும்.

சாவிக்கொத்து வலிப்புக்கும் உதவாது. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, மணியைப் பார்க்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.

சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உதவி செய்தவருக்குப் பாதுகாப்புத் தருகிறது, அவர் விரும்பாவிட்டால் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 முதல் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது.

அப்பா சொல்லிக் கொடுத்தவை

கற்றுக்கொடுத்தவன் நான் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. என் தலைமுறை தொலைத்தது நிறைய. எனக்கு நீச்சல் தெரியாது என்பதே அப்பாவுக்கு அந்த விடுப்பில்தான் தெரிந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எனக்கு அவர் அரசலாற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் முதலில் மல்லாந்து மிதக்கக் கற்றுக் கொடுத்தார். "கையைக் காலை அடிக்காதே, நெஞ்சு நிறைய மூச்சை வாங்கிக்க, தண்ணியே தூக்கும்." நீந்தத் தெரிந்த பிறகும் அவர் போட்ட கட்டளை ஒன்று: முழுகுகிறவனைப் பார்த்துக் குதிக்காதே. முழுகுகிறவன் தன்னை அறியாமல் வந்தவன் தோளில் ஏறி அமுக்குவான். வேட்டி, சேலை, மூங்கில் கழி, காலிக் குடம், மூடிய பிளாஸ்டிக் கேன் எது கிடைத்தாலும் கரையிலிருந்து எறிய வேண்டும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. முழங்கால் தண்ணீர் அடுத்த அடியில் ஆளை விழுங்கும். பிள்ளை விழுந்து, தூக்கப் போன தகப்பனும் போய், மாமனும் போன செய்தியை ஆடிப்பெருக்குக்கும் கோடை விடுமுறைக்கும் நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம்.

மின்சாரத்தில் அவர் இன்னும் கறார். சுவிட்ச் போர்டு அருகே மெயின் எங்கே என்று வீட்டில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டே காட்ட வேண்டும். ஷாக் அடித்தவரைத் தொடாமல் முதலில் மெயினை இறக்க வேண்டும், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ள வேண்டும். துணி காயப்போடும் இரும்புக் கம்பியை மின்சாரக் குழாயிலோ தகரக் கூரையிலோ கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்ட வேண்டும், மழைக்காலத்தில் உயிர் போவது பெரும்பாலும் அந்தக் கொடிக்கம்பியில்தான் என்பார். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்சிசிபி என்ற கருவி இன்று கடையில் கிடைக்கிறது. அதில் 'டி' என்று போட்ட ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் கரண்ட் போகாவிட்டால் அந்தக் கருவி செத்துவிட்டது, மாற்ற வேண்டும்.

ஒரு விஷயத்தில் அவரை நான் திருத்த வேண்டியிருந்தது. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான். அது தவறு. கட்டினால் ரத்தம் ஓடாமல் காலே போகலாம். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. எலும்பு முறிந்த காலைப்போல ஒரு கட்டையோடு தளர்வாகச் சேர்த்து அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அடித்த பாம்பைப் பையில் போட்டு எடுத்துப் போகத் தேவையில்லை. அந்த மருந்து செய்ய விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது. காலையில் வயிற்றுவலி என்பார்கள், இமை கீழே தொங்கும். அதைப் பார்த்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆண்கள் பெருமையாகக் கையில் வைத்திருக்கும் ஒரு வேலையும் இருக்கிறது, பணக்கணக்கு. அதையும் பாதியாகத்தான் செய்கிறோம். எந்த வங்கி, எந்தக் காப்பீடு, யாருக்குக் கொடுத்த கடன் என்று மனைவிக்குச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்! 10 ஆண்டுகள் யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். உரியவர் பிறகும் கேட்டு வாங்கலாம், ஆனால் அப்படி ஒரு கணக்கு இருப்பது தெரிந்தால்தானே கேட்பார்? 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த பாக்கெட் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாவற்றையும் எழுதி, அம்மாவிடம் படித்துக் காட்டினார்.

அம்மா இப்போது நடக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் சமையல் அப்பாவுடையது.

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த இதழை மூடிவைத்ததும் எழுந்து அடுப்படிக்குப் போங்கள். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். 'பி 27' என்றால் 2027 ஜூன் வரை அந்தச் சிலிண்டருக்குச் சோதனைக் கெடு. ஏ, பி, சி, டி என்பவை மும்மூன்று மாதங்கள். ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் தேதியையும் பாருங்கள், 5 ஆண்டு கடந்திருந்தால் மாற்றுங்கள். கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். அந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். பார்த்து முடித்ததும், அங்கே நிற்பவரிடம் அஞ்சறைப் பெட்டியைக் கேட்டு வாங்கித் திறந்து, அதில் எது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.